கென்டக்கி குகையிலிருந்து குரங்குத் தீவுக்கு

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் மேமத் குகை என்றொரு பெரும் பாதாளம் இருக்கிறது. 1812-இல் பிரிட்டனோடு போர் மூண்டபோது, வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பை அடிமைகளைக் கொண்டு இங்கிருந்து தோண்டினார்கள். போர் முடிந்தது, வெடியுப்பு விலை சரிந்தது, குகை சுற்றுலாத் தலமானது. 1838-இல் அங்கே வழிகாட்டியாகக் கொண்டுவரப்பட்டவர் ஸ்டீபன் பிஷப் என்ற இளைஞர். அவரும் ஓர் அடிமைதான். ஆழம் தெரியாது என்று யாரும் தாண்டாமல் விட்டிருந்த ஒரு பிளவைத் தாண்டி, அப்பால் மைல் கணக்கில் நீண்ட சுரங்கப் பாதைகளைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டு குகை கைமாறியபோது, குகையோடு சேர்த்து பிஷப்பையும் விலைக்கு வாங்கினார் புதிய முதலாளி. 1842-இல் அந்த முதலாளியின் வீட்டில் உட்கார்ந்து, முழுக்க நினைவிலிருந்தே குகைக்கு வரைபடம் போட்டார் பிஷப். சில ஆண்டுகளில் அது அவர் பெயரோடு அச்சிலும் வந்தது.

மங்கி ஐலண்ட் கேம் ஆறையும் மறுபடி ஆடி, எது முதல், எது கடைசி என்று தீர்ப்புச் சொல்லக் கிளம்பியவன் வெடியுப்புக் குகையில் என்ன செய்கிறான் என்று நீங்கள் கேட்கலாம். மவுஸால் கதவைத் தொட்டு, சாவியை எடுத்து, கிடைத்ததையெல்லாம் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு அலையும் அந்த வகை விளையாட்டின் பூர்விகம் இந்தக் குகைதான். அதன் குலதெய்வம் யார் என்று கேட்டால் நான் பிஷப்பைத்தான் காட்டுவேன்.

அடுத்த பாய்ச்சல் 1972-க்கு. மேமத் குகையும் பக்கத்திலுள்ள ஃப்ளின்ட் ரிட்ஜ் குகைத் தொகுதியும் உள்ளுக்குள் எங்கோ இணைகின்றன என்று பல ஆண்டுகளாக ஒரு சந்தேகம். அந்தச் செப்டம்பரில் ஒரு குழு அந்த இணைப்பைக் கண்டுபிடித்தது. குழுவில் இருந்தவர் பட்ரீசியா க்ரௌதர். ஒல்லியான உடல்வாகு, மற்றவர் நுழையத் தயங்கிய இடுக்கில் நுழைந்தவர். அவர் கணவர் வில் க்ரௌதர், பாஸ்டன் பக்கம் பிபிஎன் என்ற நிறுவனத்தில் நிரலாளர். இணையத்தின் தாத்தாவான அர்பாநெட்டுக்கு வேலை செய்தவர்களில் ஒருவர். குகையில் எடுத்த அளவைகளைக் கணினியில் ஏற்றி வரைபடமாக்குவது தம்பதிக்கு வீட்டு வேலையாகவே இருந்தது.

பிறகு அவர்கள் பிரிந்தார்கள். குகைக்குப் போவதையும் விட்டுவிட்டார் வில். இரண்டு மகள்கள், பார்க்க வரும்போது அவர்களுக்கு ஏதாவது விளையாட்டு வேண்டும். 1975 வாக்கில், தனக்கு மனப்பாடமான குகையையே கணினிக்குள் எழுத்தால் கட்டினார். வடக்கே போ, விளக்கை எடு என்று தட்டச்சு செய்தால் கணினி அடுத்த அறையை வர்ணிக்கும். கொஞ்சம் குள்ளர்களையும் புதையலையும் சேர்த்தார். அந்தக் குகைப் பகுதிகள் எவ்வளவு நிஜம் என்றால், விளையாட்டை ஆடிப் பழகியவர்கள் அசல் குகைக்குள் வழி சொல்லியிருக்கிறார்கள். அடிமை ஒருவர் வரைந்த வரைபடத்தின் வாரிசு, விவாகரத்தான ஓர் அப்பாவின் கையால் விளையாட்டானது.

அதை அவர் விற்கவில்லை. அலுவலகக் கணினியில் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். அது தானாக ஊர் சுற்றி, ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த டான் வுட்ஸ் கண்ணில் பட்டது. அதை விரிவாக்க அவருக்கு ஆசை. ஆனால் எழுதியவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. அர்பாநெட்டில் அன்றைக்கு இருந்த ஒவ்வொரு கணினிக்கும், 'க்ரௌதர்' என்று முகவரியிட்டு மின்னஞ்சல் அனுப்பினார்! ஒன்று சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்தது, அனுமதியும் கிடைத்தது. 1977-இல் வுட்ஸ் சேர்த்த பூதங்களும் 350 புள்ளிக் கணக்குமாக அது வெளியானபோது, பல கணினிக்கூடங்களில் வேலை நின்றது.

அதற்குப் பின் நடந்தது நகலெடுப்போர் திருவிழா. எம்ஐடியைச் சேர்ந்த நாலு பேர், இதைவிடப் புத்திசாலியாக ஒன்று செய்கிறோம் என்று ஸோர்க்கை எழுதினார்கள். கலிஃபோர்னியாவில் கென் வில்லியம்ஸ் வேலைக்காக வீட்டில் ஒரு டெலிடைப் வைத்திருந்தார். அதன் வழியே குகைக்குள் போன அவர் மனைவி ரொபர்ட்டா, முழுக்க முடிக்காமல் எழுந்திருக்கவில்லை. முடித்ததும் அவருக்குத் தோன்றியது, எழுத்தோடு படமும் இருந்தால் என்ன என்பதுதான். 1980-இல் ஆப்பிள் டூ கணினிக்குக் கோட்டுச் சித்திரங்களோடு மிஸ்டரி ஹவுஸ் வந்தது. ஜிப் போட்ட பிளாஸ்டிக் பையில் ப்ளாப்பியைப் போட்டு விற்றார்கள். சியரா என்ற பெரிய நிறுவனம் அந்தப் பையிலிருந்து கிளம்பியதுதான்.

சியராவுக்குக் கிடைத்த அடுத்த அதிர்ஷ்டம் ஒரு தோல்வியின் வேடத்தில் வந்தது. ஐபிஎம், பிசி ஜூனியர் என்ற வீட்டுக் கணினியை விற்கப் பகட்டான கேம் ஒன்று வேண்டும் என்று கேட்டது. ரொபர்ட்டா கிங்ஸ் க்வெஸ்ட் செய்தார்: திரைக்குள் ஒரு ராஜவிசுவாசி நடந்து, மரத்துக்குப் பின்னால் மறைந்து, முன்னால் வரலாம். 1984-இல் வந்தது. பிசி ஜூனியரோ படுத்துவிட்டது. ஓராண்டுக்குள் ஐபிஎம் அதைத் தலைமுழுகியது. ஆனால் டாண்டி நிறுவனம் அந்தக் கணினியின் படத்திறனை அப்படியே பார்த்துச் செய்த டாண்டி 1000 நன்றாக விற்றது. அசல் செத்து, நகல் பிழைத்து, நகலின் முதுகில் ஏறி கிங்ஸ் க்வெஸ்ட் வீடுவீடாகப் போனது.

இதே சமயத்தில் பசிபிக்குக்கு அப்பால் யூஜி ஹோரீ என்ற ஜப்பானிய இளைஞர், அமெரிக்காவில் இப்படி ஒரு வகை விளையாட்டு இருக்கிறது என்று பத்திரிகையில் படித்துவிட்டு, தானே ஒன்றை எழுதினார். 1983-இல் வந்த போர்டோபியா கொலை வழக்கு அது. அடுத்தடுத்த ஆட்டங்களில் தட்டச்சையே ஒழித்துவிட்டு, 'பார், எடு, விசாரி' என்று கட்டளைகளைப் பட்டியலாகத் திரையில் வைத்தார். போர்டோபியாவை ஆடி ஈர்க்கப்பட்டவர்களில் பின்னாளில் கேம் வடிவமைப்பாளரான ஹிடேயோ கோஜிமாவும் உண்டு. அமெரிக்காவில் அதே முடிவுக்கு வர இன்னும் சில ஆண்டு பிடித்தது. அங்கே அதற்குக் காரணமானது ஒரு சிறுவன்.

லூகாஸ்ஃபிலிமின் கேம் பிரிவில் வேலை பார்த்த ரான் கில்பர்ட், கிறிஸ்துமஸ் விடுமுறையில் தன் உறவுக்காரப் பையன் கிங்ஸ் க்வெஸ்ட் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வகை பிடித்தது. தட்டச்சு பிடிக்கவில்லை. புதர் கண்ணெதிரே தெரிகிறது. அதை எந்தச் சொல்லால் அழைத்தால் கணினிக்குப் புரியும் என்று எதற்காக ஊகிக்க வேண்டும்? 1987-இல் கேரி வின்னிக்கோடு சேர்ந்து செய்த மேனியாக் மேன்ஷனில், வினைச்சொற்களைத் திரையின் அடியில் அடுக்கிவிட்டார்.

அந்த விளையாட்டின் கதையைவிட அதன் உட்கட்டமைப்புதான் இந்தப் பயணத்துக்கு முக்கியம். கமடோர் 64-இன் நினைவகம் சின்னது. கணினி வகைகளோ ஏகப்பட்டது. அதனால் கதை, உரையாடல், புதிர் எல்லாவற்றையும் தனி மொழியில் எழுதி ஒரு கோப்பில் வைத்தார்கள். அந்தக் கோப்பைப் படித்து நடத்திவைக்கும் சிறு நிரலை மட்டும் ஒவ்வொரு கணினிக்கும் மாற்றினால் போதும். இந்த ஏற்பாட்டுக்கு ஸ்கம் என்று பெயர். வேலையை மிச்சம் பிடிக்கச் செய்த இந்தப் பிரிவினை பதினான்கு ஆண்டு கழித்து என்ன காரியம் செய்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மங்கி ஐலண்டுக்குக் கடற்கொள்ளையர் எப்படி வந்தார்கள்? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1881-இல் ஸ்காட்லாந்தில் மழைக்கு வீட்டில் அடைந்துகிடந்த ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், மனைவியின் மகனோடு சேர்ந்து ஒரு தீவின் வரைபடம் தீட்டப்போய், அதிலிருந்து புதையல் தீவு நாவல் பிறந்தது. 1950-இல் டிஸ்னி அதைப் படமாக்கியது. அதில் ராபர்ட் நியூட்டன் தன் சொந்த ஊரான மேற்கு இங்கிலாந்துப் பேச்சை உருட்டி மிரட்டிப் பேச, அன்றிலிருந்து உலகத்துக் கடற்கொள்ளையர் அத்தனை பேரும் அந்த ஊர்க்காரர்களாகிவிட்டார்கள். 1967-இல் டிஸ்னிலேண்டில் படகில் உட்கார்ந்து கொள்ளையர் பொம்மைகளைப் பார்த்துக்கொண்டே போகும் கேளிக்கைச் சவாரி திறந்தது. அந்தப் படகில் போன கில்பர்ட்டுக்கு, இறங்கி அந்தத் தெருக்களில் திரிய முடியாதா என்று ஏக்கம். டிம் பவர்ஸ் 1987-இல் எழுதிய 'ஆன் ஸ்ட்ரேஞ்சர் டைட்ஸ்' நாவலிலிருந்து சூனியத்தையும் ஆவிக் கொள்ளையரையும் எடுத்துக்கொண்டார். 1990-இல் முதல் மங்கி ஐலண்ட்.

எழுதக் கூடச் சேர்ந்த டிம் ஷேஃபர், டேவ் க்ராஸ்மேன் இருவரும் புதிதாக வேலைக்கு வந்தவர்கள். தாங்கள் எழுதும் வசனம் தற்காலிகம், பெரியவர்கள் யாராவது பிறகு மாற்றுவார்கள் என்று நினைத்து, மனம்போன போக்கில் கிண்டலாக எழுதித் தள்ளினார்கள். யாரும் மாற்றவில்லை. நாயகனுக்குப் பெயர் வைப்பதும் தள்ளிக்கொண்டே போனது. ஓவியர் ஸ்டீவ் பர்செல் வரைகலை மென்பொருளில் அந்த உருவத்தை 'கைப்ரஷ்' என்ற கோப்பாகச் சேமித்திருந்தார். 'அந்த ஆள்' என்பதோடு தூரிகைக்கான மென்பொருள் சொல் ஒட்டிக்கொண்ட கோப்புப் பெயர். அதுவே முதற்பெயராயிற்று. குடும்பப்பெயர் த்ரீப்வுட், வோட்ஹவுஸ் நாவல்களின் பிளாண்டிங்ஸ் மாளிகையில் வாழும் குடும்பத்தினுடையது.

இப்போது ஆடினாலும் முதல் பாகம் அலுக்கவில்லை; என் பட்டியலில் இரண்டாம் இடம். அந்தக் காலத்து சியரா ஆட்டங்களில் தடுக்கி விழுந்தால் சாவு, தப்பான கதவைத் திறந்தால் சாவு. அது அநியாயம் என்று கில்பர்ட் 1989-இல் கட்டுரையே எழுதியவர். அதனால் கைப்ரஷ் சாகமாட்டான். ஒரு பாறை விளிம்பு உடைந்து அவன் கீழே விழுவான். சியரா பாணியில், கதை முடிந்தது, பழைய சேமிப்பிலிருந்து தொடங்குங்கள் என்று பெட்டி ஒன்று வரும். பதறும் நேரத்தில் ரப்பர் மரத்தில் பட்டு எம்பி மேலே வந்து நிற்பான். உண்மையாகவே சாக ஒரே இடம்தான் உண்டு. கனத்த சிலையைக் கட்டிக் கடலில் தள்ளிவிடுவார்கள். கண்ணெதிரே கத்தி, அரிவாள், கத்தரிக்கோல் எல்லாம் கிடக்கும், ஒன்றும் கைக்கு எட்டாது. தன்னால் பத்து நிமிடம் மூச்சடக்க முடியும் என்று அவன் முன்பே பீற்றியிருப்பான். விடை, கட்டிய சிலையையே எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறுவது. நிஜமாகப் பத்து நிமிடம் சும்மா இருந்தால் உடல் பச்சையாகும்; அடியிலுள்ள வினைச்சொற்கள் 'மித', 'அழுகு', 'குறிப்புப் புத்தகம் வாங்கு' என்று மாறிவிடும்.

வாள்சண்டையும் அப்படித்தான். எர்ரல் ஃப்ளின் படங்களில் வாளைவிட வாய்தான் அதிகம் சுழல்கிறது என்று கவனித்து, ஏச்சுக்கு எதிரேச்சு சொல்பவன் ஜெயிக்கும்படி வைத்தார்கள். உன் சண்டை மாட்டுப் பண்ணைக்காரன் சண்டை என்று ஒருவன் ஏசினால், நீ போடுவது மாட்டுச் சண்டை, பொருத்தம்தான் என்கிற மாதிரி திருப்பவேண்டும். திருப்பத் தெரியாவிட்டால் தோற்க வேண்டும். தோற்கும்போதுதான் புது ஏச்சு கற்றுக்கொள்ளலாம். கடைசியில் வாள்வித்தைக்காரி கார்லா இதுவரை கேட்காத ஏச்சுகளை வீசுவாள். பழைய பதில்களே அவற்றுக்கும் பொருந்தும்படி எழுதப்பட்டிருப்பது புரியும் கணம் சிரிப்பும் வியப்பும் சேர்ந்து வரும். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்சன் ஸ்காட் கார்டும் இந்த ஏச்சுகளில் கைவைத்தவர்.

பெட்டியில் ஒரு அட்டைச் சக்கரமும் இருந்தது. இரண்டு வட்டங்களைச் சுழற்றி, கொள்ளையன் முகத்தின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் பொருத்தி, தெரியும் ஆண்டைச் சொன்னால்தான் கேம் திறக்கும். கடற்கொள்ளை பற்றிய கேமைக் கொள்ளையடிக்க விடக்கூடாது என்ற அக்கறை! சக்கரத்தைப் பிரித்து ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார்கள் நண்பர்கள்.

ஒரு நகைச்சுவை வம்பில் மாட்டியது. காட்டில் ஒரு மரத்தின் அடிக்கட்டையைப் பார்த்தால், அதற்குள் சுரங்கம் இருப்பதாகச் சொல்லி, 22-ஆம் ப்ளாப்பியைப் போடு, அடுத்து 36, அடுத்து 114 என்று கேட்கும். அப்படி எந்த ப்ளாப்பியும் கிடையாது. என் பெட்டியில் ப்ளாப்பி குறைகிறது என்று நிறுவனத்துக்கு நிஜமாகவே போன் செய்தவர்கள் உண்டு. சிடி பதிப்பில் அந்த ஜோக்கை எடுத்துவிட்டார்கள். ஆக, எந்த முதல் பாகத்துக்கு நான் மதிப்பெண் போடுகிறேன்? 16 வண்ண ப்ளாப்பியா, 256 வண்ணமா, நல்ல இசையும் இல்லாத அடிக்கட்டையும் கொண்ட சிடியா, ஜப்பானில் ஃபுஜிட்சு கணினிக்கு வந்ததா, 2009-இல் குரலும் புது ஓவியமும் சேர்த்து வந்ததா? வரிசைப்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைத் தொடுவதில்லை.

1991-இல் வந்த இரண்டாம் பாகம், லெசக்கின் பழிவாங்கல், எனக்கு முதலிடம். அமிகா பதிப்பு மட்டும் 11 ப்ளாப்பி. மூன்று தீவுகளில் வரைபடத்தின் நான்கு துண்டுகளைத் தேடி, எதை முதலில் செய்வது என்று நம் இஷ்டப்படி அலையலாம். இசையைத் தனியே சொல்ல வேண்டும். வுட்டிக் என்ற ஊர் கவிழ்ந்த கப்பல்களால் ஆனது. வெளியே நடைப்பலகையில் ஒரு மெட்டு. ஒரு கப்பலுக்குள் நுழைந்தால் அதே மெட்டு அறுபடாமல் அந்த அறைக்குரிய வாத்தியத்துக்கு மாறும். வெளியே வந்தால், தாளம் பிசகாமல் ஒரு சின்னப் பாலம் போட்டுக்கொண்டு பழையதோடு சேரும். மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் இதற்கென்றே ஐமியூஸ் என்ற ஏற்பாட்டை எழுதிக் காப்புரிமையும் வாங்கினார்கள். ஹெட்போன் மாட்டிக்கொண்டு வுட்டிக்கில் சும்மா கதவுக்குக் கதவு போய்வந்திருக்கிறேன், புதிரை மறந்து. குறையும் உண்டு: பியானோ வாசிக்கும் குரங்கைக் குழாய் முடுக்கும் கருவியாக்கும் அந்தப் புதிர், அமெரிக்காவுக்கு வெளியே அநேகருக்கு எட்டாத சிலேடை. இதில் கைப்ரஷ்ஷைச் சிறையில் போடும்போது, சாவியை வாயில் கவ்விக்கொண்டு எதிரே ஒரு நாய் உட்கார்ந்திருக்கும். டிஸ்னிலேண்ட் சவாரியிலிருந்து எடுத்த காட்சி அது. நாயின் பெயர் வால்ட்!

முடிவில் எல்லாமே ஒரு கேளிக்கைப் பூங்காவில் இரண்டு சிறுவர்கள் ஆடிய கற்பனையோ என்ற மாதிரி காட்டிவிட்டு, விளக்கம் சொல்லாமல் 1992-இல் வெளியேறினார் கில்பர்ட். ஸ்கம் உரிமத்தை வாங்கிக்கொண்டு ஹ்யூமங்கஸ் என்ற நிறுவனம் தொடங்கி, குழந்தைகளுக்குப் பேசும் கார் கதைகள் செய்யப் போனார்.

அட்லாண்டிக்குக்கு இந்தப் பக்கம் நகல்கள் பெருகின. இங்கிலாந்தில் சைமன் த சோர்சரர், ஸ்பெயினில் பெண்டுலோ குழுவின் ஆட்டங்கள். ஜெர்மனிக்காரர்களுக்கு இந்த வகைமீது வந்த காதல் இன்னும் தணியவில்லை. ஹாம்பர்கின் டெடாலிக் நிறுவனம் 2012-இல் டெபோனியா வரிசையையே தொடங்கியது. செக்கோஸ்லோவாகியாவில் அதற்கும் முன்பே விசித்திரம் நடந்திருக்கிறது. 1989-இல் பெயர் போடாத யாரோ எழுதிய ஓர் எழுத்துவழி ஆட்டத்தில், இண்டியானா ஜோன்ஸ் ப்ராகின் வென்ஸெஸ்லாஸ் சதுக்கத்தில் கம்யூனிஸ்ட் போலீஸிடம் மாட்டாமல் தப்ப வேண்டும். கென்டக்கி குகையை வைத்து மகள்களுக்காக எழுதிய வடிவம், அங்கே துண்டுப் பிரசுரமாக வேலை செய்தது.

கில்பர்ட் இல்லாமல் மூன்றாம் பாகம் 1997-இல் வந்தது. அதுதான் ஸ்கம்மில் எழுதிய கடைசி ஆட்டம். கைவரைந்த கார்ட்டூன், கைப்ரஷ்ஷுக்கு டாமினிக் அர்மாட்டோவின் குரல். ஆறில் கண்ணுக்கு அழகு இதுதான். கப்பல் தளத்தில் கொள்ளையர் பாடத் தொடங்கி, எதைச் சொன்னாலும் எதுகை போட்டுப் பாட்டை நீட்டிக்கொண்டே போவார்கள். எதுகையே இல்லாத ஒரு வார்த்தையைக் கொடுத்தால்தான் நிறுத்துவார்கள். ஆனால் கடைசிப் பகுதி அவசரமாகச் சுருட்டப்பட்டிருக்கிறது. அதனால் நான்காம் இடம். பலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

2000-இல் வந்த நான்காம் பாகத்துக்குக் கடைசி இடம். முப்பரிமாணத்துக்குப் போயாக வேண்டிய காலம். மவுஸைப் பிடுங்கிக்கொண்டு கீபோர்டைக் கொடுத்தார்கள். தீவுகளைக் காபிக் கடையும் உணவகமுமாக மாற்றும் ஆஸ்திரேலியப் பணக்காரன் கதை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உச்சத்தில் குரங்குச் சண்டை என்று ஒன்று. எந்தக் குரங்கு உறுமலுக்கு எந்த நிலை என்று பென்சிலும் தாளுமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். புதிதாகத் தொடங்கினால் எல்லாம் மாறிவிடும், பழைய தாளும் உதவாது. ஏச்சுச் சண்டையின் நகலை அதே குடும்பமே எடுத்து, அதன் உயிரை விட்டுவிட்டது.

அதன்பின் லூகாஸ்ஃபிலிம் கம்பெனி இந்த வகையையே கைகழுவியது. புது விண்டோஸில் பழைய கேம்கள் ஓடவும் மறுத்தன. இங்கேதான் அந்த ஸ்கம் பிரிவினை கைகொடுத்தது. ஸ்வீடனில் லுட்விக் ஸ்ட்ரிகேயஸ் என்ற இளைஞர், மங்கி ஐலண்ட் இரண்டாம் பாகத்தின் கோப்புகள் எப்படி வேலை செய்கின்றன என்று குடைந்து பார்த்து, அவற்றைப் படிக்கும் நிரலைத் தானே புதிதாக எழுதினார். அதே வேலையில் இறங்கியிருந்த வின்சென்ட் ஹாமும் சேர, 2001-இல் ஸ்கம்விஎம் வெளியானது. கதைக் கோப்பைத் தொடவே வேண்டாம். நடத்திவைக்கும் நிரலை மட்டும் எந்தக் கருவிக்கும் எழுதிக்கொள்ளலாம். கைக்கணினி, கேம் பெட்டி, போன் என்று கருவி மாறமாற ஆர்வலர்கள் எழுதிக்கொண்டே போனார்கள். ஸ்ட்ரிகேயஸ் அடுத்து எழுதியது மியூடொரென்ட். அதற்கடுத்து ஸ்பாட்டிஃபையின் ஆரம்ப நிரலாளர்களில் ஒருவர். கோப்புப் பகிர்வின் பிரபல மென்பொருளையும் அதற்கு மாற்றாக வந்த இசைச் சேவையையும் தொட்ட அதே கை, கடற்கொள்ளையர் கேமையும் காப்பாற்றியது.

நகல் சக்கரம் ஒருமுறை தலைகீழாகவும் சுற்றியது. ஹ்யூமங்கஸின் குழந்தைக் கேம்கள் 2008-இல் நின்டெண்டோ வீ கருவிக்கு வந்தபோது, உள்ளே ஓடுவது தங்கள் நிரல்தான் என்று ஸ்கம்விஎம் குழுவினர் கண்டுபிடித்தார்கள். பெயரும் இல்லை, உரிம விதியும் கடைப்பிடிக்கப்படவில்லை. ஆர்வலர்கள் நிறுவனங்களின் மேல் புகார் சொல்ல, சமரசமாகி, மிச்சப் பிரதிகளை அழிக்க வேண்டியதாயிற்று.

2009 மங்கி ஐலண்டுக்கு நல்ல ஆண்டு. லூகாஸ்ஃபிலிம் கேம் பிரிவின் முன்னாள் ஊழியர்கள் தொடங்கிய டெல்டேல், க்ராஸ்மேனை வைத்து ஐந்து தவணைகளாக ஒரு கதை வெளியிட்டது. வீ கருவிக்கான தரவிறக்க வரம்பு 40 எம்பி. அதனால் ஒரே முகங்கள் தொப்பி மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வருவதை மன்னித்துவிட்டால், நான்காம் தவணையின் முடிவில் கைப்ரஷ் செத்தே போகிறான் என்ற துணிச்சலுக்காகவே ஐந்தாம் இடம் தரலாம். அதே ஆண்டு அர்ஜென்டினாவில் ஒரு செய்தித் தொலைக்காட்சி, இளைஞர்களைக் கெடுக்கும் க்ராக் என்ற பயங்கர பானம் பற்றி எச்சரித்தது. மண்ணெண்ணெய், பேட்டரி அமிலம் என்று திரையில் ஓடிய செய்முறை, முதல் பாகத்தின் மதுக்கடையில் உள்ள பட்டியல்! கேமில் அந்தச் சரக்கு கோப்பையையே அரித்துவிடும். கோப்பைக்குக் கோப்பை ஊற்றிக்கொண்டே ஓடி, சிறைப் பூட்டின்மேல் கொட்டிக் கரைக்க வேண்டும். முகநூல் கேலியை யாரோ நம்பிவிட்டார்கள்.

முதலிரண்டு பாகங்களின் புதுப்பதிப்புகளும் 2009, 2010-இல் வந்தன. ஒரு பொத்தானைத் தட்டினால் பழைய படம், மறுபடி தட்டினால் புதியது. ஆனால் இரண்டாம் பாகத்தின் புதுப்பதிப்பில் குரங்குகள் ஆடும் தொடக்கக் காட்சியைக் காணோம். ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? புதுக் குரலை உருவி, பழைய படத்தில் ஒட்டி, ஸ்கம்விஎம்மில் ஓடும் தனிப் பதிப்பே செய்துவிட்டார்கள். இரண்டாம் பாகத்துக்கு நான் முதலிடம் தருவது அந்த ஒட்டுப் பதிப்பை ஆடித்தான்.

மேலே இன்னொரு நூல் முறுக்கிக்கொண்டிருந்தது. டிஸ்னி தன் படகுச் சவாரியை 2003-இல் சினிமாவாக்கியது. 2011-இல் நான்காவது படத்துக்கு டிம் பவர்ஸ் நாவலின் பெயரையே வாங்கிப்போட்டது. 2012-இல் லூகாஸ்ஃபிலிமையே வாங்கியது. சவாரியைப் பார்த்துச் செய்த கேம், சவாரியின் சொந்தக்காரர் கைக்கு வந்து சேர்ந்தது. வால்ட் என்ற நாயும் உட்பட.

2022 ஏப்ரல் முதல் தேதியன்று, இன்னொரு மங்கி ஐலண்ட் செய்யப்போகிறேன் என்று எழுதினார் கில்பர்ட். யாரும் நம்பவில்லை. மூன்று நாளில் முன்னோட்டம் வந்தது. க்ராஸ்மேனும் அர்மாட்டோவும் உடன். புது ஓவியப் பாணியைப் பார்த்துக் கொதித்தவர்கள் சிலர் கில்பர்ட்டைத் தாறுமாறாக ஏசினார்கள்; ஏச்சுச் சண்டையைக் கண்டுபிடித்தவருக்கே இந்தக் கதி. செப்டம்பர் 19-இல் வெளியானது ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட். கடற்கொள்ளையர் போலப் பேசும் நாள் என்று இரண்டு அமெரிக்கர் வேடிக்கையாகத் தொடங்கிய, ராபர்ட் நியூட்டனின் உச்சரிப்புக்குக் கடன்பட்ட தேதி அது.

அந்த ஆட்டம், 1991-இன் கேளிக்கைப் பூங்காவில் விட்ட அதே நொடியில் தொடங்குகிறது. நடுவில் வந்த மூன்று கதைகளையும் தள்ளிவிடாமல், கைப்ரஷ் தன் மகனுக்குச் சொல்லும் கதையாக நகர்கிறது. கேமுக்குள்ளேயே ஒரு குறிப்புப் புத்தகம் உண்டு. விடையை உடைக்காமல், முதலில் லேசாக, பிறகு அழுத்தமாக, கேட்கக் கேட்கச் சொல்லும். 1989-இல் எழுதிய கட்டுரைக்குக் கில்பர்ட் கடைசியாகச் செய்த நியாயம் இது. கடைசி அங்கத்தில் ஒரே மாதிரிப் பூட்டுகளைத் திறந்து திறந்து சலிப்பது நிஜம். இருந்தாலும் மூன்றாம் இடம்.

இப்போது ஆட நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. முதலிரண்டையும் அடுத்தடுத்து ஆடிவிட்டு நேரே ரிட்டர்னுக்குத் தாவலாம். மூன்றாம் பாகத்தை அதன் பாட்டுக்காகப் பிறகு தனியே ஆடலாம். நான்காம் பாகத்தையும் விடமாட்டேன் என்கிற பிடிவாதக்காரர்கள், பென்சிலும் தாளும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.